கழுதைக்காரர் தலையில் ஒரு புள்ளி

எங்கள் சந்துக்கு எப்படிப் பெயர் வந்தது என்பதைப் பற்றி இதுவரை மூன்று கதைகள் அச்சில் வந்திருக்கின்றன. ஒன்று பயணிகளுக்கான கையேட்டில், ஒன்று என் அண்ணனின் விடுதி அட்டையில், ஒன்று டாக்டர் நாயிஃப் எழுதிய கட்டுரையில். மூன்றும் பொய். டாக்டர் என்றால் ஊசி போடுகிறவர் அல்ல, வரலாற்றுக்காரர். ஊசி போடுகிறவராக இருந்திருந்தால் சேதம் குறைவாக இருந்திருக்கும்.

அம்மான் நகரின் பழைய கடைத்தெருவில், பெரிய பள்ளிவாசலுக்குப் பின்புறம் தொடங்கி ஜோஃபே மலைமீது ஏறுகிற சந்து அது. நூற்று நாற்பத்திரண்டு படிகள். மிகக் குறுகலான இடத்தில் அகலம் ஒரு மீட்டர் எழுபது. நானே அளந்தது. வரைபடம் போடுவது என் தொழில். முப்பத்தொரு வருடம் அதில்தான் வயிறு வளர்த்தேன்.

சந்தின் வாயில் ஒரு நீலத் தகரப் பலகை இருக்கிறது. அதில் 'கம்மார் சந்து' என்று எழுதியிருக்கிறது. கம்மார் என்றால் மது விற்பவர். அந்தச் சந்தில் மது விற்றவர் எவரும் கிடையாது. இருந்தவர் என் அப்பா முத்லக். அவர் ஹம்மார், அதாவது கழுதைக்காரர். எங்கள் அரபு எழுத்தில் இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவே ஒரே ஒரு புள்ளிதான். முதல் எழுத்தின் தலையில் அது இல்லாவிட்டால் கழுதை, இருந்தால் மது.

அப்பா ஜனவரியில் இறந்தார். அவர் இருக்கும்வரை இதைத் திருத்த அவசரமில்லை என்று நினைத்திருந்தேன்.

அவர் தெற்கே கரக் ஊர்ப் பக்கத்துக்காரர். பத்தொன்பது வயதில் ஒரு கழுதையோடு இந்த நகரத்துக்கு வந்தார். அந்தக் காலத்தில் வந்தவர்களில் பாதிப் பேர் கழுதையோடுதான் வந்தார்கள். பிற்பாடு அதை ஒப்புக்கொண்டவர் இவர் ஒருவர்தான். படிகளில் வண்டி ஏறாது. சிமெண்ட், மணல், அடுப்பு வாயு உருளை, கல்யாண அலமாரி, எல்லாம் அவர் கழுதைமேல்தான் மேலே போயின. எழுபதாம் படியில் குடியிருந்த ஆர்மீனியப் புகைப்படக்காரருக்கு ஒரு பியானோவைக்கூட ஏற்றிக் கொடுத்தார், மூன்று நாள் தவணையில். கழுதைமேல் ஆளை ஏற்றமாட்டார். மருத்துவச்சி உம்மு லத்தீஃபுக்கு மட்டும் விலக்கு. மழைக்காலத்தில் படி வழுக்கும், அந்த அம்மாளோ நல்ல கனம். சந்தில் பிறந்த குழந்தைகளில் பாதிக்குமேல் கழுதையின் புண்ணியத்தில் பிறந்தவை. இதைச் சொன்னால் இன்று பலருக்குக் கோபம் வருகிறது.

அப்பா ஐந்து கழுதைகள் வைத்திருந்தார், ஒன்றன்பின் ஒன்றாக. ஐந்துக்கும் ஒரே பெயர்: முதீர். மேலாளர் என்று பொருள்.

"ஏன்ப்பா அந்தப் பேரு?" என்று சின்ன வயதில் கேட்டேன்.

"தள்ளாம நகராது, தள்ளினா கோவிச்சுக்கும். வேற என்ன பேரு வெக்கறது?"

கழுதையை அவர் அடித்ததில்லை. மரியாதையாகத்தான் பேசுவார். "முதீர் ஐயா, தயவு பண்ணி இன்னும் ஒரு படி. கையெழுத்தெல்லாம் மேல போய்ப் போட்டுக்கலாம்" என்று அவர் சொல்வது சந்து முழுக்கக் கேட்கும். தொண்ணூறாம் படியில் ஒரு வங்கி மேலாளர் குடியிருந்தார். ஒருநாள் அவர் அப்பாவை நிறுத்தினார்.

"அபூ ஃபவாஸ், அதுக்கு வேற பேரு வெச்சா என்ன?"

"வெச்சுப் பாத்தேன் உஸ்தாத். அமைச்சர்னு கூப்பிட்டேன். அப்புறம் ஒரு மூட்டைகூடத் தூக்கல."

அபூ ஃபவாஸ், ஃபவாஸின் அப்பா. ஃபவாஸ் என் அண்ணன். அவனைப் பற்றிப் பின்னால் வரும், தவிர்க்க முடியாது.

1964இல் அப்பா நாற்பதாம் படிக்குப் பக்கத்துப் பாறையில் ஒரு தொட்டி வெட்டினார், மூன்றாவது முதீர் தண்ணீர் குடிப்பதற்கு. பதினொரு நாள் வேலை. எனக்கு ஏழு வயது. உளி சூடாகாமல் தண்ணீர் ஊற்றியது நான்தான். நீளம் 112 சென்டிமீட்டர், அகலம் 46, ஆழம் 30. ஒரு மூலை உடைந்திருக்கும். அது முதீர் உதைத்தது.

1979இல் நகரத்துச் சந்துகளுக்கெல்லாம் பெயர்ப்பலகை வைக்க ஏற்பாடு ஆயிற்று. ஆட்கள் வீடு வீடாகப் போய், இந்தச் சந்தை எப்படிக் கூப்பிடுகிறீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள். எங்கள் சந்தில் எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். ஹம்மார் சந்து. அந்தப் பட்டியல் ஒரு தனியார் வரைபட அலுவலகத்துக்கு வந்தது. அங்கே ஆறு ஆண்கள், ஒரு பெண். அந்தப் பெண் நான். வயது இருபத்திரண்டு. பாலிடெக்னிக்கில் முதல் மதிப்பெண் வாங்கியவள். எங்கே குடியிருக்கிறாய் என்று கேட்டால், 'பெரிய பள்ளிவாசல் பக்கம்' என்று சொல்லிவந்தவள்.

தலைமை வரைவாளர் பட்டியலை உரக்கப் படித்தார். "ஹம்மார் சந்து. அடப்பாவிங்களா, கழுதைக்கெல்லாம் முகவரி குடுக்க ஆரம்பிச்சுட்டாங்க. அங்க குடியிருக்கறவனுக்குக் கடுதாசி போட்டா ஸ்டாம்புக்குப் பதிலா வைக்கோல்தான் ஒட்டணும்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எல்லாரையும்விடக் கொஞ்சம் சத்தமாக.

பதினான்காம் எண் தாள் என்னிடம் வந்தது. பெயரை எழுதினேன். 0.5 பேனாவால் முதல் எழுத்தின் தலையில் ஒரு புள்ளி வைத்தேன். அரை மில்லிமீட்டர். ஒரு நொடி வேலை. அந்தத் தாளைப் பார்த்துத்தான் தகரப் பலகை செய்தார்கள்.

அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சவரக்கடை ஸுஹைர்தான் படித்துச் சொன்னார். அன்று சாயங்காலம் அப்பா வீட்டுக்கு வந்து, கால் கழுவி, தேநீரோடு என் எதிரில் உட்கார்ந்தார்.

"யம்மா, என்னைய சாராயக்காரனாக்கிட்டாங்களாம். ஸுஹைர் சொல்றான். நீ அந்த வரைபட ஆபீஸ்லதானே இருக்க?"

"ஆமாம்ப்பா."

"அந்தப் புள்ளிய யாரு வெச்சது?"

"ஈ," என்றேன். "தாள்மேல ஈ எச்சம் போட்டுடும்ப்பா. நகல் எடுக்கறப்ப அது புள்ளியா விழுந்துடும்."

அப்பா தேநீரை ஊதி ஊதிக் குடித்தார்.

"படிச்ச ஈ போல. சரியா எழுத்துத் தலைமேல பாத்து உக்காந்திருக்கு."

அவ்வளவுதான். யார் வைத்தது என்று அதற்குப் பிறகு அவர் கேட்டதே இல்லை. ஆனால் வருடா வருடம் வெயில் ஏறியதும், "ஆபீஸ்ல ஈத் தொல்லை எப்படிம்மா இருக்கு?" என்று விசாரிப்பார். "குறைஞ்சிருக்குப்பா" என்பேன்.

புள்ளியின் முதல் பலன் அந்த மாதமே தெரிந்தது. பட்டப்பகலில் இரண்டு பேர் பலகையைப் பார்த்துவிட்டுக் கதவைத் தட்டி, சரக்கு இருக்கிறதா என்று கேட்டார்கள். அப்பா அவர்களை உட்காரவைத்து மரமியாத் தழை போட்ட தேநீர் கொடுத்து அனுப்பினார். ஒருவர் மறுநாளும் வந்தார், தேநீருக்கு.

படியடியில் அத்தர்க் கடை வைத்திருந்த ஹாஜி இத்ரீஸுக்குத்தான் தாங்கவில்லை. "ஹஜ்ஜுக்குப் போறவன் எங்கிட்ட அத்தர் வாங்கறான். ரசீதுல கம்மார் சந்துன்னு பாத்ததும் குப்பியத் திறந்து மோந்து பாக்கறான்" என்று புலம்பினார். நாற்பது பேரிடம் கையெழுத்து வாங்கி ஒரு மனு தயாரித்தார். கைநாட்டு வைக்க அப்பாவும் போனார்.

"என்ன எழுதியிருக்க ஹாஜி? ஹம்மார்னு மாத்தச் சொல்லித்தானே?"

"சாராயமும் வேணாம், கழுதையும் வேணாம் அபூ ஃபவாஸ். தக்வா சந்துன்னு வெச்சுடலாம். இறையச்சம். எவ்வளவு அழகான பேரு."

"அழகுதான். இறையச்சம் எத்தனாவது படியில குடியிருக்குது? நான் மூட்டை தூக்கிட்டு எல்லா வீட்டுக்கும் போறவன், பாத்ததே இல்லையே."

கைநாட்டு வைக்காமல் திரும்பிவிட்டார். வரைபடத்தில் உள்ளபடிதான் பெயர் என்று சொல்லி மனுவும் திரும்பியது.

முப்பத்தைந்து வருடம் இப்படியே போயிற்று. கடைசி முதீர் எப்போதோ செத்தது. நான் ஓய்வு பெற்றேன். அப்புறம் டாக்டர் நாயிஃப் வந்தார். பழைய கடைத்தெருவை அழகுபடுத்தும் திட்டத்துக்கு அவர் ஆலோசகர். பலகையைப் படித்தார். நாற்பதாம் படித் தொட்டியைப் பார்த்தார். இரண்டையும் கூட்டிப் பெருக்கினார். ரோமானியர் காலத்துத் திராட்சை மதுத் தொட்டி, இரண்டாம் நூற்றாண்டு, சேதமடைந்த மூலை நிலநடுக்கத்தால் ஏற்பட்டது என்று கட்டுரை எழுதினார். முதீரின் உதையை நிலநடுக்கமாக உயர்த்தியதில் எனக்கு மறுப்பில்லை. மற்றவைதான் பிடிக்கவில்லை.

வழிகாட்டிகள் வெளிநாட்டுக்காரர்களை அழைத்துவர ஆரம்பித்தார்கள். ஒருநாள் காலையில் அப்பாவை நடக்கக் கூட்டிப் போயிருந்தேன். அப்போது அவருக்கு எண்பது வயது. தொட்டியைச் சுற்றி இருபது பேர் நின்றார்கள். அப்பா கைத்தடியை நீட்டினார்.

"இது முதீர் தண்ணி குடிச்ச தொட்டி தம்பி."

வழிகாட்டி பவ்வியமாகத் தலையாட்டிவிட்டு ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தான். முதீர் என்றால் துருக்கியர் காலத்தில் வட்டார அதிகாரி. அந்த அதிகாரியே இங்கு வந்து மது அருந்தியதாக இந்தப் பெரியவர் தம் முன்னோர் வழியாக அறிந்திருக்கிறார் என்று சொன்னான். வெளிநாட்டுக்காரர்கள் அப்பாவைப் படம் பிடித்தார்கள். கட்டுரையின் இரண்டாம் பதிப்பில் 'வாய்மொழி மரபு' என்ற தலைப்பில் அது ஏறிவிட்டது.

"என்னம்மா சொன்னான்?" என்று அப்பா கேட்டார்.

"முதீர் பெரிய அதிகாரியாம்ப்பா."

"அது அப்பவே அப்படித்தான் நடந்துக்கிச்சு," என்றார்.

ஹாஜி இத்ரீஸ் அதற்குள் மனம் மாறியிருந்தார். அத்தர்க் குப்பிகளில் திராட்சைக் குலை ஒட்டி, 'ரோமாபுரி ரகசியம்' என்று பெயர் எழுதி, "ஓல்டு வைன், ஓல்டு வைன், வெல்கம்" என்று வாசலில் நின்று கூப்பிட்டார். இறையச்சம் வேறு சந்துக்குக் குடிபோயிருந்தது. அண்ணன் ஃபவாஸ் மேல் படிகளில் இரண்டு வீடுகளை வாங்கி ஒன்றாக்கி, கம்மார் இல்லம் என்று விடுதி திறந்தான். வரவேற்பறையில் ஒரு மண்ஜாடி வைத்தான். ஜெராஷ் சாலையில் பூச்செடிக் கடையில் வாங்கியது.

அப்பா இறந்த மூன்றாம் நாள், துக்கம் கேட்க வந்தவர்களுக்குக் கசப்புக் காப்பி ஊற்றிக்கொண்டிருக்கும்போது ஃபவாஸ் என்னைத் தனியே கூப்பிட்டான். கையில் ஒரு காகிதம்.

"நவால், இதப் பாரு. வெண்கலத்துல வரப்போகுது. தொட்டிக்கு மேல. ஏப்ரல்ல திறப்பு."

படித்தேன். 'தலைமுறை தலைமுறையாக இங்கே திராட்சை மது வாணிபம் செய்த கம்மார் குடும்பத்தின் கடைசி வாரிசு, காலஞ்சென்ற ஹாஜ் முத்லக் அவர்களின் நினைவாக.'

"அண்ணா, அப்பா ஒரு சொட்டு குடிச்சதில்ல."

"குடிச்சாருன்னு எங்க போட்டிருக்கு? வித்தாருன்னுதான் போட்டிருக்கு."

"அஞ்சு வேளை தொழுத மனுஷன். மண்ணு இன்னும் காயல."

"அதான், அவரு மரியாதைக்குத்தான் சொல்றேன். வெண்கலத்துல கழுதைன்னு எழுதச் சொல்றியா? கழுதைக்காரன் இல்லம்னு பலகை வெச்சா யாரு வந்து தங்குவா?"

"உன் கூட்டாளிங்கதான்."

அவனுக்குக் கோபம் வந்தது. குரலை இறக்கினான். "சரி, பலகை தப்புங்கற. ஆதாரம் இருக்கா? நாப்பது வருஷமா அரசாங்கப் பலகையில இருக்கு. யாரு மாத்தினாங்க, எப்ப மாத்தினாங்க, கொண்டா பாப்போம்."

அவனுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. காப்பிக் கூஜாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

உயிரோடு இருந்தவரை அப்பா மறுத்துச் சொல்ல முடிந்தது, யாரும் கேட்காவிட்டாலும். இனி வெண்கலம் பேசும், அவர் பேசமாட்டார். வெண்கலத்தின் வாயை அடைக்க ஒரே ஒரு வழிதான் இருந்தது.

பழைய தாள்கள் இப்போது ஒரு கிடங்கில் இருக்கின்றன. அனுமதி வாங்க ஒரு வாரம் ஆயிற்று. பதினான்காம் தாளையும் பெயர்ப் பட்டியலையும் தேடி எடுத்தேன். பட்டியலில் ஹம்மார். தாளில் கம்மார். மூலையில் வரைந்தவர் பெயரின் முதலெழுத்துகள், என்னுடையவை. உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தேன். ஈ எச்சம் பழுப்பாக, ஓரம் பிசிறடித்து, கொஞ்சம் மேடாக இருக்கும். இது கறுப்பு, சுத்தமான வட்டம். அந்த அலுவலகத்தில் அவ்வளவு ஒழுங்காகப் புள்ளி வைக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

நான் கொடுத்த மனுவை விசாரிக்க நகராட்சியின் பெயர்க் குழு மார்ச் கடைசியில் கூடியது. தலைவர் ஜௌதத், நல்ல மனிதர், ஓய்வுக்கு இரண்டு மாதம் இருந்தவர். குறிப்பெழுத சிஹாம் என்ற பெண். மறுப்புச் சொல்ல ஃபவாஸும் டாக்டர் நாயிஃபும் வந்திருந்தார்கள். வேடிக்கை பார்க்க ஹாஜி இத்ரீஸும் வந்திருந்தார்.

தாளையும் பட்டியலையும் மேஜைமேல் விரித்தேன். தலைவர் இரண்டையும் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டு மறுபடி பார்த்தார்.

"புள்ளி அதிகப்படிதான். ஒத்துக்கறேன். சிஹாம், படிவத்துல காரணம்னு என்ன இருக்கு?"

சிஹாம் படித்தாள். "மைக் கசிவு. ஈரம். பூச்சி."

"பூச்சின்னு போட்டுக்கலாம்," என்றார் தலைவர் என்னிடம். "வியாழக்கிழமை ஆளை அனுப்பிப் புள்ளிய அழிச்சுடுவாங்க. வெண்கலமும் ஹம்மார்னு திருத்திதான் வைக்கணும். ஈமேல யாரும் கேஸ் போட முடியாது. எல்லாருக்கும் நிம்மதி."

"எனக்கு இல்ல," என்றான் ஃபவாஸ்.

"நாற்பது ஆண்டுகள் நிலைத்துவிட்ட பிழை, தானே ஒரு மரபுச் செல்வம்," என்றார் டாக்டர் நாயிஃப். அவர் பேச்சே அச்சில்தான் வரும்.

தலைவர் பேனாவை என் பக்கம் நீட்டினார். ஒரு கட்டத்தில் ஒரு கோடு போட்டால் போதும். வியாழக்கிழமை அப்பாவுக்கு அவர் பெயர் கிடைத்துவிடும். உயிரோடு இருந்த அப்பாவிடம் சொன்ன பொய்யை, இறந்த அப்பாவுக்காக முத்திரை வைத்து இன்னொரு தரம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

"பூச்சி இல்ல," என்றேன். "நான் வெச்சேன். தெரிஞ்சுதான் வெச்சேன்."

தலைவருக்குச் சங்கடமாகிவிட்டது. "அம்மா, கைத்தவறுதல்னு வேணா..."

"கை தவறல. அப்பா கழுதைக்காரர்னு ஆபீஸ்ல தெரிஞ்சா கேவலம்னு வெச்சேன்."

சிஹாம் பேனாவைத் தூக்கிப் பிடித்தாள். "சார், இத எந்தக் கட்டத்துல எழுதறது?"

"கட்டம் இல்ல," என்றார் தலைவர்.

"ஓரத்துல எழுதும்மா," என்றேன். "எனக்காக முழுசா எழுது."

எழுதினாள். கையெழுத்துப் போட்டேன். வேண்டுமென்றே செய்தது என்றால் கோப்பு சட்டப் பிரிவுக்குப் போகும் என்றும், அது முடியும்வரை பலகையில் கைவைக்கக் கூடாது என்றும், சந்தில் புதிதாக எந்த எழுத்தும் பதிக்கக் கூடாது என்றும் தலைவர் வருத்தத்தோடு விளக்கினார். வெண்கலமுமா என்று ஃபவாஸ் கேட்டான். முக்கியமாக வெண்கலம் என்றார் அவர்.

வெளியே வந்ததும் ஃபவாஸ் வழிமறித்தான். "இப்ப ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. சந்தோஷமா?"

"அப்பாவுக்கு அப்பவே தெரியும்," என்றேன்.

பின்னால் வந்த ஹாஜி இத்ரீஸ், "ஏன்டா ஃபவாஸ், அந்த வெண்கலத்த என்ன பண்ணப் போற? நல்ல கனமா இருக்கும். உன் மண்ஜாடிக்கு மூடியா வெச்சுக்க" என்றார்.

கோப்பு சட்டப் பிரிவில் இருக்கிறது. அந்தப் புள்ளி என்னுடையதுதானா என்று கையெழுத்து நிபுணர் சொல்ல வேண்டுமாம். ஒரு புள்ளியை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கும் நிபுணரை ஏழு மாதமாகத் தேடுகிறார்கள். அதுவரை தகரப் பலகையில் மது வணிகரே இருக்கிறார். வெண்கலம் விடுதியின் பின்கட்டில் துணி போர்த்திக் கிடக்கிறது. டாக்டர் நாயிஃப் வேறொரு மலையில் வேறொரு தொட்டியைக் கண்டுபிடித்திருப்பதாகக் கேள்வி.

ஆனால் பலகையைப் பார்த்து வழி போகிறவர்கள் எங்கள் ஊரில் யார்? குழு கூடிய இரண்டாம் வாரம், அடுப்பு வாயு கொண்டுவருகிறவர் கீழேயிருந்து கைபேசியில் கூப்பிட்டார். புதிய ஆள்.

"ஹாஜ்ஜா, உருளை கொண்டாந்திருக்கேன். கழுதைக்காரர் பொண்ணு சந்துன்னு சொன்னாங்க. அத்தர்க் கடைக்குப் பக்கத்துலதானே?"

"யாரு சொன்னா அப்படி?"

"டாக்ஸிக்காரன் சொன்னான், ரொட்டிக் கடையில சொன்னாங்க. எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. தப்பா?"

"சரிதான். நான்தான் அந்தப் பொண்ணு. அறுபத்தி நாலாவது படி."

"அறுபத்தி நாலா?" என்றார். "எனக்கு முதுகுல ஆபரேஷன் ஆகியிருக்கு ஹாஜ்ஜா. வேற யாராவது தூக்குவாங்களா?"

செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன். உருளையின் ஒரு கைப்பிடியை அவர் பிடித்தார், இன்னொன்றை நான் பிடித்தேன். பத்துப் படிக்கு ஒருமுறை இறக்கிவைத்தோம். கடைக்காரர்கள் எல்லாரும் வெளியே வந்து பார்த்தார்கள்.